மலை ஏறினால் மங்கும் பாஸ்

காருக்குள் ஒலிக்கும் பாட்டில் குளிர் முதலில் கைவைப்பது பாஸில்தான். குரலும் புல்லாங்குழலும் ஏறக்குறைய அப்படியே கேட்கும். தவிலின் தொப்பி, கிக் டிரம், பேஸ் கிட்டார் ஆகியவற்றின் கனம் மட்டும் குறைந்து, வறண்ட தட்டல் ஒன்று மிஞ்சும். ஸ்பீக்கர் என்பது காற்றைத் தள்ளி இழுக்கும் கருவி. ஒரே அளவு சத்தத்தைத் தர, அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 2,000 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கண்ணுக்குத் தெரியாத அசைவு போதும். 40 ஹெர்ட்ஸுக்கு சப்வூஃபரின் கோன் முன்னும் பின்னும் பல மில்லிமீட்டர் போய்வர வேண்டும். அந்தக் கோனைப் பிடித்து நிறுத்தும் ரப்பரும் துணியும் குளிரில் விறைக்கின்றன. அதிகம் அசைய வேண்டிய ஒலியே அந்த விறைப்பில் அதிகம் சிக்குகிறது.

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்திலுள்ள குன்னத்தூரில், வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட சமவெளி அது. மார்கழி, தை இரவுகளில்கூட வெப்பநிலை 18 அல்லது 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஆனால் அங்கிருந்து அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போனால் ஊட்டி. அதன் உயரம் 2,240 மீட்டர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தலைகுந்தா, காந்தல் போன்ற பகுதிகளில் உறைபனி விழும் நாட்களில் அதிகாலை வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியும், சில இடங்களில் அதற்குக் கீழும் இறங்கும். சனிக்கிழமை வேலை முடிந்து பனியன் கம்பெனி வாசலிலிருந்து கிளம்பும் கார், பகலில் 30 டிகிரி வெயிலில் நின்றது. மறுநாள் விடியலில் உறைபனியில் நிற்கிறது. ஒரே ஸ்பீக்கர், ஒரே ஆம்ப், ஒரே பாட்டு. மாறியவை வெப்பநிலையும் உயரமும் மட்டுமே. குளிர் பாஸை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க இதைவிடத் தோதான வழித்தடம் தமிழ்நாட்டில் அரிது.

கோனைப் பிடித்திருக்கும் இரண்டு பாகங்கள்

இன்று கார்களில் இருக்கும் ஸ்பீக்கரின் அடிப்படை அமைப்பு நூறாண்டு பழையது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925இல் அதை விவரித்தார்கள். காந்தத்தின் இடுக்கில் ஒரு செம்புக் கம்பிச் சுருள் தொங்கும். அதுதான் வாய்ஸ் காயில். ஆம்பிலிருந்து வரும் மின்னோட்டம் காயிலில் பாயும்போது அது முன்னும் பின்னும் தள்ளப்படும். காயிலோடு ஒட்டிய கோனும் சேர்ந்து அசைந்து காற்றில் ஒலியை எழுப்பும்.

கோன் நேர்க்கோட்டில் அசைந்து மீண்டும் நடுவுக்குத் திரும்ப வேண்டும். இதைப் பார்த்துக்கொள்பவை இரண்டு பாகங்கள். கோனின் வெளி விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் சரவுண்ட். பியூட்டைல் அல்லது நைட்ரைல் ரப்பர், பாலியூரித்தேன் ஃபோம், பூச்சு கொடுத்த துணி ஆகியவற்றில் ஒன்றால் அது செய்யப்பட்டிருக்கும். உள்ளே காயிலை ஒட்டி, அலை அலையாக மடிந்த வட்டத் துணி இருக்கும், அது ஸ்பைடர். பருத்தித் துணியையோ பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியையோ ஃபினாலிக் ரெசினில் நனைத்து, சூடான அச்சில் அழுத்தி அந்த மடிப்பை உண்டாக்குகிறார்கள். திருப்பூர்ப் பின்னல் இயந்திரங்களில் ஓடும் பனியன் துணி எல்லாப் பக்கமும் இழுபடக்கூடிய பின்னல் துணி. ஸ்பைடருக்கு அந்த இழுவை ஆகாது. ஊடும் பாவுமாக நெய்த துணியே பொதுவாக அதற்குப் பயன்படுகிறது.

சரவுண்டும் ஸ்பைடரும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்கின்றன. கோனும் காயிலும் அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் எடை. எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்த எதற்கும் தானாக ஆட விரும்பும் ஓர் அதிர்வெண் உண்டு. ஸ்பீக்கரில் அதை ஒத்ததிர்வு அதிர்வெண் என்பார்கள். கார் ஆடியோ கடைகளில் ‘எஃப்எஸ்’ என்றாலே போதும். சப்வூஃபர்களுக்கு அது பெரும்பாலும் 25 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அதற்குக் கீழே போகப்போக ஒலி வேகமாகச் சரியும். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் இந்த எண்களை வைத்து ஸ்பீக்கர் பெட்டியைக் கணக்கிடும் முறையை வகுத்தார்கள். சப்வூஃபரோடு வரும் தாளில் அச்சாகும் தீல்–ஸ்மால் அளவுகள் அவர்கள் பெயரால் வழங்குபவை. அந்தத் தாளில் உள்ள எண்கள் அறை வெப்பநிலையில் அளந்தவை. உறைபனி அதிகாலையில் அதே ஸ்பீக்கரை அளந்தால் எண்கள் வேறாக வரும்.

ரப்பர் விறைக்கும்போது

ரப்பரும் பிளாஸ்டிக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனவை. வெதுவெதுப்பில் அந்தச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். குளிரில் நகர்வு மந்தமாகும். ஊத்துக்குளி வெண்ணெய் வெயில் வேளையில் விரலுக்கு வழிவிட்டு, அதிகாலையில் கத்தி கேட்பதுபோல, சரவுண்டும் வெப்பநிலையைப் பொறுத்து இளகியும் இறுகியும் இருக்கும். பியூட்டைல் ரப்பர் கண்ணாடிபோல் உடையும் நிலைக்குப் போக மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே குளிர வேண்டும். ஊட்டியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் விறைப்பு அந்த எல்லைக்கு வெகு முன்பே படிப்படியாகத் தொடங்கிவிடும். 30 டிகிரியில் மெத்தென்று இருக்கும் சரவுண்டை 0 டிகிரியில் விரலால் அழுத்தினாலே வேறுபாடு தெரியும். பல கோன்கள் பாலிப்ரோப்பிலீனால் ஆனவை. அந்தப் பிளாஸ்டிக் இளக்கம் இழந்து கடினமாகும் எல்லை 0 டிகிரியை ஒட்டியே வருகிறது.

விறைப்பின் விளைவை ஒரு கணக்கால் காட்டலாம். சமவெளியில் ஒரு சப்வூஃபரின் எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். குளிரில் அதன் சரவுண்டும் ஸ்பைடரும் சேர்ந்து 30 சதவீத இளக்கத்தை இழந்தால், எஃப்எஸ் சுமார் 36 ஹெர்ட்ஸுக்கு உயரும். கோனின் எடை மாறவில்லை. ஸ்பிரிங் மட்டும் கடினமாகிவிட்டது. 30 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி முன்னைவிடச் சன்னமாக வரும். 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. பாட்டின் அடி கேட்டாலும் வயிற்றில் உணரும் அதிர்வு காணாமல் போவது இதனால்தான்.

இந்த இழப்பு நிலையானது அன்று. கோன் அசைய அசைய ரப்பருக்குள் உராய்வு வெப்பம் பிறக்கும். காயிலில் போகும் மின்சாரத்தின் பெரும்பகுதி ஒலியாக மாறாமல் வெப்பமாகவே முடியும். அந்தச் சூடு பக்கத்திலிருக்கும் ஸ்பைடரை வந்து சேரும். கால் மணி, அரை மணி பாட்டு ஓடியபின் பாஸ் திரும்பத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

பெட்டிக்குள் அடைந்த காற்று

ஸ்பீக்கர் தனியாக வேலை செய்வதில்லை. டிக்கியில் வைத்த மரப்பெட்டி முழுவதும் மூடியதாக இருந்தால், உள்ளே அடைந்த காற்றும் இன்னொரு ஸ்பிரிங் ஆகும். இந்தக் காற்று ஸ்பிரிங்கின் கடினம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஊட்டியின் காற்றழுத்தம் குன்னத்தூரைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. ஆக, மலையில் ரப்பர் ஸ்பிரிங் கடினமாகும் அதே வேளையில் காற்று ஸ்பிரிங் இளகுகிறது.

மேலே சொன்ன 30 ஹெர்ட்ஸ் சப்வூஃபரையே எடுத்துக்கொள்ளலாம். சிறிய மூடிய பெட்டியில் காற்றின் கடினம் ரப்பரின் கடினத்தைப்போல் இரண்டு மடங்கு என்றால், பெட்டியோடு சேர்ந்த ஒத்ததிர்வு சமவெளியில் 52 ஹெர்ட்ஸ். ஊட்டிக் குளிரில் ரப்பர் 1.43 மடங்கு கடினமாகிறது. காற்று ஐந்தில் ஒரு பங்கு இளகுகிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒத்ததிர்வு மீண்டும் 52 ஹெர்ட்ஸ்தான்! அதே குளிர் கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் அடித்தால், காற்று இளகாத காரணத்தால் அது 55 அல்லது 56 ஹெர்ட்ஸுக்கு ஏறும். சிறிய மூடிய பெட்டி குளிருக்கு அதிகம் அசையாமல் நிற்பதன் ரகசியம் இது. அதன் பாஸை ஆள்வது ரப்பரைவிடக் காற்றே. பெட்டி முழுக்க மூடியிருந்தாலும் நுண்ணிய கசிவுகள் வழியாக உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் மலை ஏறும் நேரத்துக்குள் சமமாகிவிடும்.

குழாய் வைத்த பெட்டியின் கதை வேறு. நீளமான பாஸ் டியூப்களும் இந்த வகையில் சேரும். குழாயில் உள்ள காற்றும் பெட்டிக்குள் உள்ள காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலியைத் தூக்கிக்கொடுக்கும். பெட்டி கட்டுபவர்கள் அதை ‘டியூனிங்’ என்பார்கள். டியூனிங் ஒலியின் வேகத்தைச் சார்ந்தது. ஒலியின் வேகம் வெப்பநிலையைச் சார்ந்தது. 30 டிகிரியில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும்; 0 டிகிரியில் 331 மீட்டர். எனவே சமவெளியில் 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த பெட்டி உறைபனியில் 33 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஸ்பீக்கரின் எஃப்எஸ் மேலே ஏறுகிறது, பெட்டியின் டியூனிங் கீழே போகிறது. சேர்ந்து வேலை செய்யும்படி கணக்கிட்ட இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகுவதால், குளிரில் அதிகம் தடுமாறுவது குழாய்ப் பெட்டியே.

கார் கூண்டும் ஒலியின் பங்காளி. இருக்கைகள் உள்ள பகுதியின் நீளம் மூன்று மீட்டருக்குள் அடங்கும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி அலையின் நீளம் ஏறத்தாழ ஆறு மீட்டரும் அதற்கு மேலும் இருப்பதால் அந்த அலை காருக்குள் ஓட இடமில்லை. சப்வூஃபர் காருக்குள் உள்ள காற்றை மொத்தமாக அழுத்தித் தளர்த்துகிறது. வீட்டில் சுமாராக ஒலிக்கும் சப்வூஃபர் காரில் அதிரடியாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஆனால் அந்த அழுத்தமும் சுற்றியுள்ள காற்றழுத்தத்தின் அளவுக்கே பிறக்கும். காற்று 20 சதவீதம் மெலிந்த உயரத்தில், கோன் அதே தூரம் அசைந்தாலும் மிகத் தாழ்ந்த பாஸ் ஏறக்குறைய இரண்டு டெசிபல் குறையும். ஊட்டியில் பாஸ் குறைந்ததற்கு எல்லோரும் குளிரைக் குற்றம் சொல்வார்கள். உயரத்துக்கும் அதில் நேர்ப்பங்கு உண்டு. நல்ல வெயில் காயும் மே மாத நண்பகலிலும் இந்த இரண்டு டெசிபல் திரும்பாது.

குளிர் தரும் ஆதாயம்

குளிரில் நல்லதும் சில நடக்கின்றன. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் மாறும். 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறங்கிய காயிலின் தடை 11 சதவீதம் குறைந்திருக்கும். அதே வோல்டேஜில் அது கூடுதல் மின்சாரத்தை வாங்கும். ஃபெரைட் காந்தத்தின் வலிமை டிகிரிக்கு 0.2 சதவீதம் என்ற கணக்கில் குளிரில் கூடும். 30 டிகிரி வித்தியாசத்துக்கு அது 6 சதவீதம். நியோடிமியம் காந்தத்தில் இந்த மாற்றம் ஏறத்தாழ பாதியே.

இந்த ஆதாயம் நடுத்தர அதிர்வெண்களில் மட்டுமே சத்தத்தைச் சற்றுக் கூட்டும். வலுத்த காந்தமும் தடை குறைந்த காயிலும் கோனின் அசைவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஒத்ததிர்வை ஒட்டிய இடத்தில் பாஸ் உப்பி நிற்பது குறையும். குளிர்ந்த சப்வூஃபரின் பாஸ் ‘டைட்டாக’ இருக்கிறது, ஆனால் கனம் இல்லை என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தவிர, காயில் வெகு சீக்கிரம் சூடாகிவிடும். உரக்க ஓடும் பாட்டில் அது 100 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 200 டிகிரியைத் தொட்டால் தடை 20 டிகிரியில் இருந்ததைப்போல் 1.7 மடங்கு. வெளியே உறைபனி விழுந்தாலும் காயிலின் தடை குறைந்திருக்கும் ஆதாயம் முதல் ஓரிரு பாட்டோடு முடிந்துவிடும்.

ஆம்புக்குக் குளிர் தோழன். ஏபி வகை ஆம்ப் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்குப் போகும், மிச்சம் வெப்பம். குளிர்ந்த காற்றில் அதன் ஹீட் சிங்க் எளிதாகச் சூட்டை இறக்கும். கோடையில் சூடேறி அணைந்துபோகும் ஆம்ப் மலையில் அந்தத் தொல்லை தருவதில்லை. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் கடுங்குளிரில் மந்தமாகும் என்றாலும், 0 டிகிரியில் அது காதுக்கு எட்டும் அளவில் இருக்காது.

பேட்டரி தளரும் இடம்

பாஸுக்குத்தான் மின்சாரம் அதிகம் தேவை. அது சீராக வராமல், ஒவ்வொரு அடிக்கும் குபீரென்று இழுக்கப்படுகிறது. காரின் லெட்–ஆசிட் பேட்டரியில் மின்சாரம் பிறப்பது வேதிவினையால். குளிரில் அந்த வினை மந்தமாகும். 0 டிகிரியில் பேட்டரியின் கொள்ளளவு இயல்பில் சுமார் 80 சதவீதமாகக் குறையும். மைனஸ் 18 டிகிரியில் ஏறத்தாழ பாதி. உள்தடையும் கூடுவதால் ஒவ்வொரு அடிக்கும் வோல்டேஜ் சரியும்.

எஞ்சின் ஓடும்போது இது பெரிய விஷயமில்லை. ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கும். பல வண்டிகளில் அதன் ரெகுலேட்டர் குளிரில் வோல்டேஜைச் சற்று உயர்த்தியும் கொடுக்கும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, டிக்கியைத் திறந்துவைத்துப் பாட்டுப் போடும் அதிகாலையில்தான் நிலைமை மாறும். பெரும்பாலான கார் ஆம்ப்களின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைச் சார்ந்தது. 14.4 வோல்ட்டில் 500 வாட் தரும் ஆம்ப் 12.2 வோல்ட்டில் 360 வாட்தான் தரும். டிக்கி திறந்ததும் கார் கூண்டின் அழுத்தமும் போய்விடுவதால் பாஸ் இரட்டை அடி வாங்கும்.

குன்னத்தூர்க் கார்களுக்கு இதில் இன்னொரு சேதி உண்டு. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் லெட்–ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பேட்டரித் துறையின் கைக்கணக்கு. சமவெளி வெயிலில் மூன்று கோடை கண்ட பேட்டரி ஊரில் இருக்கும்வரை எஞ்சினைக் கிளப்பிவிடும். அதன் பலவீனம் வெளிப்படுவது மலையின் முதல் குளிர்ந்த காலையில்.

காதும் எஞ்சினும்

பாஸ் குறைந்ததாகத் தோன்றுவதில் ஒரு பங்கு கேட்பவரின் காதில் நடக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போது உயரம் சுமார் 1,900 மீட்டர் கூடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் வேகமாகக் குறைய, நடுக்காதில் அடைந்த காற்று செவிப்பறையை வெளியே தள்ளி விறைப்பாக்கும். காது அடைத்துக்கொண்டது என்பது இந்த நிலைதான். விறைத்த செவிப்பறை உயர்ந்த ஒலியைவிடத் தாழ்ந்த ஒலியையே அதிகம் தடுக்கும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ அடைப்பு விடும், பாஸும் திரும்பும்.

தாழ்ந்த ஒலியில் காது எவ்வளவு கறாரானது என்பதை 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சர், வில்டன் மன்சன் இருவரும் அளந்து காட்டினார்கள். நடுத்தர ஒலியில் இரண்டு டெசிபல் குறைந்தால் பலருக்குத் தெரியாது. பாஸில் அதே இரண்டு டெசிபல் அதைவிடப் பெரிய இழப்பாகக் கேட்கும்.

மலைப்பாதையில் எஞ்சினும் குறுக்கிடும். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் 2,500 சுற்றில் ஏறும் நான்கு சிலிண்டர் எஞ்சினின் உறுமல் 83 ஹெர்ட்ஸில் விழும்; மூன்று சிலிண்டர் வண்டியில் 62 ஹெர்ட்ஸில். இரண்டுமே பாஸின் நடுப்பகுதி. எஞ்சின் சத்தம் அதே அதிர்வெண்ணில் இருக்கும் டிரம்மை மூடி மறைக்கும்.

ஈரத்தின் பங்கு

நீலகிரியில் குளிரோடு மூடுபனியும் வரும். பருத்தி ஈரத்தை வாங்கும் நார் என்பது பனியன் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 சதவீத நீரைப் பிடித்துவைக்கும். மூடுபனியில் இன்னும் கூடுதலாக. ரெசின் பூச்சு ஸ்பைடரை ஓரளவு காக்கிறது. பூச்சில்லாத காகிதக் கோன் ஈரத்தில் கனத்து, விறைப்பை இழக்கும். கதவு ஸ்பீக்கர்களுக்கு இது இன்னும் பொருந்தும். கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கும் பனிநீர் அவற்றின் பின்புறத்தில்தான் வடியும். குளிர்ந்த காருக்குள் பலர் ஏறி உட்காரும்போது மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிவதுபோல் ஸ்பீக்கரின் உலோகச் சட்டத்திலும் ஆம்பின் உடலிலும் படியும். சூடு ஏறியதும் அது உலர்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் டெர்மினல்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

ஊட்டியைவிடக் குளிர்ந்த இடங்கள்

லடாக்கின் லே நகரில் குளிர்கால இரவுகள் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகும். ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரன்டோவின் ஸ்காபரோவில் ஜனவரி இரவுகள் மைனஸ் 10 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். சில நாட்களில் மைனஸ் 20ஐயும் தொடும். கார் ஹெட் யூனிட்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் கீழெல்லை மைனஸ் 10 அல்லது மைனஸ் 20. அந்தக் குளிரில் சரவுண்ட் தோல்போல் விறைத்து, வண்டி கிளம்பிய முதல் சில நிமிடங்களுக்குப் பாஸ் அநேகமாகக் கேட்காது. வால்யூமைக் கூட்டிக் கோனை வலிந்து அசைத்தால் பழைய சரவுண்டின் மடிப்பில் வெடிப்பு விழலாம். ஸ்பைடரை ஒட்டிய பசை விடுபடலாம். ஊட்டிக் குளிரில் பாஸ் குறைவது ஒரு சங்கடம். இந்த ஊர்களின் குளிரில் ஸ்பீக்கரே சேதமாகக்கூடும்.

குன்னத்தூருக்கு நேரெதிரான கவலை. சித்திரை, வைகாசியில் 38, 40 டிகிரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டும். பாலியூரித்தேன் ஃபோம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் மெல்ல மெல்லச் சிதைந்து, சில ஆண்டுகளில் விரல் பட்டாலே பொடியாகும். பசைகள் இளகும். சாதாரண ரக நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரியைக் கடந்தால் வலிமையின் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கலாம். குளிர் ஸ்பீக்கரிடமிருந்து வாங்கியதைச் சூடேறியதும் திருப்பித் தந்துவிடும். வெயில் எடுத்தது திரும்பாது. சமவெளிக் காருக்கு ஸ்பீக்கர் வாங்கும்போது ஃபோம் சரவுண்டைத் தவிர்த்து ரப்பரைத் தேர்ந்தெடுப்பதே சரி, அது ஊட்டியில் அரை மணி நேரம் முரண்டு பிடித்தாலும்.

செய்ய வேண்டியவை

குளிர்ந்த காலையில் முதல் பதினைந்து, இருபது நிமிடம் பாதி வால்யூமுக்குக் கீழே பாட்டு ஓடட்டும். எஞ்சினைக் கிளப்பி, கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைப் போட்டால் கார் கூண்டும் கதவு ஸ்பீக்கர்களும் சீக்கிரம் வெதுவெதுக்கும். ஹேட்ச்பேக் வண்டியிலும் சீட்டுக்கு அடியில் வைத்த சப்வூஃபரிலும் ஹீட்டரின் பலன் நேராகக் கிடைக்கும். செடான் வண்டியின் டிக்கிக்கு அந்தச் சூடு அதிகம் எட்டாது. அங்கே ஸ்பீக்கர் தன் சூட்டிலேயே இளக வேண்டும்.

பாஸ் குறைவாகக் கேட்கிறது என்று பாஸ் பூஸ்ட் குமிழைத் திருகுவது தவறான மருந்து. 6 டெசிபல் கூட்டுவது ஆம்பிடம் நான்கு மடங்கு சக்தி கேட்பதற்குச் சமம். ஆம்ப் அதைத் தர முடியாமல் அலையின் உச்சியை வெட்டும். வெட்டுப்பட்ட அலை காயிலைக் கூடுதலாகச் சுடும். ரப்பர் இளகியபின் பூஸ்டைக் குறைக்க மறந்தால், சமவெளி வந்து சேர்வதற்குள் காயில் கருகலாம். மலையில் ஹெட் யூனிட்டின் ஈக்வலைசரில் ஓரிரு டெசிபல் கூட்டிக்கொண்டு, இறங்கியதும் பழையபடி வைப்பது போதுமானது. கேயின், கிராஸ்ஓவர் குமிழ்களைச் சமவெளியில் ஒருமுறை சரியாக வைத்துவிட்டு, பயணத்தில் தொடாமல் இருப்பது நல்லது.

டிக்கியில் ஏற்றும் சாமானும் கவனிக்கத் தக்கது. சாம்பிள் துணி மூட்டையோ கம்பளியோ பெட்டியின் குழாய் வாயை அடைத்தால் டியூனிங் கெடும். எல்லாரும் குளிரின் மேல் பழி போடும்போது காரணம் ஒரு பையாக இருக்கும். குழாய் வாய்க்கு முன்னால் குறைந்தது அதன் விட்டத்தின் அளவுக்காவது இடம் விட்டு அடுக்க வேண்டும். மலைக்குக் கிளம்பும் முன் பேட்டரியைச் சோதிப்பதும், டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்குவதும், நிறுத்திய வண்டியில் அதிக நேரம் பாட்டுப் போடாமல் இருப்பதும் காலையில் வண்டியைத் தள்ளும் வேலையை மிச்சப்படுத்தும்.

குறைந்த பாஸ் குளிரால் வந்ததா, கோளாறால் வந்ததா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. கிளம்பும் முன் சமவெளியில், எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, பழகிய பாட்டு ஒன்றைக் குறிப்பிட்ட வால்யூமில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். மலையிறங்கி மேட்டுப்பாளையம் வந்தபின் அதே நிலையில், அதே வால்யூமில் மீண்டும் கேட்க வேண்டும். முன்போலவே பாஸ் வந்தால் எல்லாம் ரப்பரும் காற்றழுத்தமும் செய்த வேலை. வராவிட்டால் ஆம்பின் ஃபியூஸ், பேட்டரியின் வோல்டேஜ், சரவுண்டில் வெடிப்பு, ஸ்பைடரின் பசை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கோனை இரு கைவிரல்களாலும் சமமாக அழுத்தும்போது காயில் உரசும் கரகரப்பு கேட்டால், அந்த ஸ்பீக்கரை மேலும் ஓடவிடாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவதே முறை.